இரண்டாவது பொட்டலத்தில் என்ன பூ, அத்தை?

என் அன்பு அத்தை,

இன்னும் உலை வைக்கவில்லை. தேவகி ஏறிய ரயில் மணவூரைத் தாண்டியதும் ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது வந்தால்தான் நான் அரிசி களைய வேண்டும். அவள் வீட்டுக்குள் நுழையும்போது சாதம் வடித்துச் சூடாக இருக்கும். நீங்கள் போன பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. நீங்கள் இருந்தவரை, ரயில் லேட் என்பது உங்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, அன்றைக்கென்று சோறும் லேட்டாகத்தான் வெந்திருக்கும். கேட்டால், "அதெல்லாம் தெரியும் மாப்ளே" என்பீர்கள். எப்படித் தெரியும் என்று கடைசிவரை சொல்லவேயில்லை.

போன் வரும்வரை எனக்கு வேறு வேலையில்லை. உங்கள் தையல் மிஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. ஐயர் வருவார், பிண்டம் வைப்பார், மந்திரம் சொல்வார். ஆனால் எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது மந்திரத்தில் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. பேத்தி நித்யா உங்கள் உயரத்தைத் தாண்டிவிட்டாள். ஒன்பதாவது போகிறாள், கணக்குப் பாடத்துக்கு மட்டும் இன்னும் "நைனா, நைனா" என்று என்னைத்தான் சுற்றி வருகிறாள். பின்பக்க முருங்கை இந்த வருஷமும் காய்த்துக் கொட்டுகிறது, பறித்துத் தெரு முழுக்கக் கொடுக்க ஆள் இல்லை. யாராவது வந்து கேட்டைத் தட்டி, "டைலரக்கா இல்லீங்களா?" என்று கேட்பது இன்னும் நிற்கவில்லை. போன மாதம் கனகம்மாசத்திரத்திலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி ஒரு பை நிறைய. அவருக்குச் செய்தி தெரியாது. நான் சொன்னதும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். "வேற யார்கிட்ட குடுத்தாலும் கை தூக்க முடியாம தைச்சுடுவாங்களே" என்றார். அழுகையிலும் உங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் யார் கொடுப்பார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கே குடியிருப்பது என்ற பழைய கேள்வி மறுபடியும் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தேவகிக்கு இடுப்பு வலி முற்றிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் தினமும் ரயிலா?" என்று அவளைக் கேட்காமல் என்னைக் கேட்டார். இனி அந்தப் பயணம் கூடாதாம். ஒன்று அவள் வேலையை விட வேண்டும், இல்லை நாங்கள் சென்னைக்குப் போக வேண்டும். இந்த நேரம் பார்த்து, முன்பு எங்கள் கல்லூரியில் இருந்த பேராசிரியர் ஒருவர் ஆவடி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு லேபில் இடம் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். போனால் திருப்பதி வேலையை உதற வேண்டும். ஆடிக் கிருத்திகை முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

போகலாமா, இருக்கலாமா? தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கதி வெளியே வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பழைய கதையை ஒரு தரம் உங்களுக்கே சொல்லிப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த மாதிரி. எங்கே நான் கோட்டை விட்டேன் என்று நீங்களே பாருங்கள்.

எனக்கும் தேவகிக்கும் கல்யாணம் நடந்ததும் இதே திருத்தணி மலையில்தான். நகரிக்காரனுக்குப் பெரம்பூர்ப் பெண். நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். அவள் எழும்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இரண்டும் பர்மனென்ட், இரண்டும் வேறு வேறு மாநிலத்து வேலை. டிரான்ஸ்ஃபர் என்ற பேச்சே எடுக்க முடியாது, நடுவில் எல்லைக்கோடு. கல்யாண மேடையில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை இருக்கிறது என்று இரண்டு வீட்டிலும் பெருமைப்பட்டார்களே தவிர, எந்த ஊரில் அடுப்பு மூட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் அத்தை, அது அவ்வளவு சின்னக் கேள்வியா?

முதல் இரண்டு வருஷம் சனிக்கிழமை மாப்பிள்ளையாக இருந்தேன். திருப்பதியில் ஒரு ரூம், பெரம்பூரில் உங்கள் போர்ஷன். எனக்கு லேப் வேலை அதிகமான வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குப் பாதி வழி வந்து திருத்தணியில் சந்திப்போம். நான் பஸ்ஸில், அவள் ரயிலில். நீங்களும் கூடவே வருவீர்கள்! புதுசாகக் கல்யாணமான பெண்ணைத் தனியாக ரயிலில் அனுப்பக் கூடாதாம். புருஷனைப் பார்க்கத்தானே வருகிறாள் என்று யார் உங்களிடம் சொல்வது? மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஓட்டலில் பூரி சாப்பிடுவோம். அதற்குள் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

ஒரு நாள் அந்த ஓட்டலில்தான் தேவகி பூரியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இங்கயே ஒரு வீடு பாத்தா இன்னா?"

நான் சிரித்தேன். "பாதி வழியில எறங்கி நிக்கச் சொல்றியா? டிக்கெட் எடுத்தவன் எவனாவது நடுவுல எறங்குவானா?"

நீங்களும் சிரித்தீர்கள். "இங்க யாருடி கீறாங்க நமக்கு, முருகனைத் தவிர?"

அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. எனக்கு அந்தப் பூரி ஞாபகமே இல்லை அத்தை. தேவகி சொல்லித்தான் இந்த வாரம் ஞாபகம் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருந்ததா?

பிறகு நித்யா வயிற்றில் வந்தாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று ஆனதும் சண்டை ஆரம்பித்தது. சண்டை என்றால் சத்தம் இல்லாத சண்டை. நான் திருப்பதிக்கு வரச் சொன்னேன். "கொஞ்ச நாள் லீவு போடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னேன். வேலையை விடு என்பதற்கு நான் வைத்திருந்த நல்ல பெயர் அது. நீங்களோ, "குழந்தையை நான் பாத்துக்கறேன், மாப்ளே வாரா வாரம் வந்துட்டுப் போவட்டும்" என்று பெரம்பூரை விட்டு அசையவில்லை. உங்களுக்கு அங்கே இல்லாதது என்ன? கணவர் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்த தெரு அது. பக்கத்து நாலு தெருவுக்கும் நீங்கள்தான் ஜாக்கெட். ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்குக் கூட வர மூன்று சிநேகிதிகள். தேவகி மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. யார் பேசினாலும் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள்.

நீங்கள்தான் கடைசியில் தீர்ப்புச் சொன்னீர்கள். "மலைக்குப் போயி பூக்கட்டிப் பாத்துடுவோம். அவரு இன்னா சொல்றாரோ அதான். அப்புறம் ஒருத்தரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அன்றைக்கு அடிவாரத்துப் பூக்கடையில் நீங்கள் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. செவ்வரளி ஒரு கொத்து, மல்லி ஒரு பிடி. சிவப்பு வந்தால் திருப்பதி, வெள்ளை வந்தால் பெரம்பூர். இரண்டு வாழையிலைத் துண்டில் தனித்தனியாக மடித்து வாழைநாரால் கட்டினீர்கள். தையல்காரி கை, கேட்க வேண்டுமா? ஒரே அளவு, ஒரே மாதிரி முடிச்சு. எது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முருகனுக்கு ஒரு சாமந்தி மாலையும் வாங்கிக் கூடையில் வைத்தீர்கள். தேவகிக்கு மூன்று மாதம், உங்களுக்கு முழங்கால், அதனால் படியேறாமல் மலை பஸ்ஸில் போனோம். மேலே அர்ச்சனை டிக்கெட்டுக்கு நீங்கள் வரிசையில் நின்றீர்கள், நான் தேங்காய் வாங்கப் போனேன். கூடை தேவகி மடியில் இருந்தது.

குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் பாதத்தில் வைத்து, தீபாராதனை காட்டி, ஒன்றை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். மற்றதைத் தட்டோடு திருப்பித் தந்தார். வெளிப் பிராகாரத்துக்கு வந்து பிரித்தீர்கள்.

மஞ்சள் சாமந்தி.

உங்கள் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை, சன்னிதிப் பக்கமும் பார்க்கவில்லை. இலையை ஒரு முறை பார்த்தீர்கள், நாரை ஒரு முறை பார்த்தீர்கள். அப்புறம் பெரிய குரலில் ஆரம்பித்தீர்களே!

"பாருங்க மாப்ளே! செகப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. ரெண்டு பேரு ஊரும் வாணாம், எங்க ஊருக்கே வந்துடுங்கன்றாரு."

"சாமந்தி எப்படி அத்தை உள்ள வந்துச்சு?"

"அதை என்னைக் கேட்டா? அவரைக் கேளுங்க."

"சரி, அந்த இன்னொண்ணையும் பிரிங்க, பாக்கலாம்."

"எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. தோஷம்."

அதை மடியில் செருகிக்கொண்டீர்கள். கீழே வந்ததும் கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று சரவணப் பொய்கைக்குப் போனீர்கள். அந்தப் பச்சைப் பொட்டலம் பிரியாமல் தண்ணீரில் மிதந்து போவதை நான் படித்துறை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்து ஒரு குருக்களிடம் அந்தத் தோஷத்தைப் பற்றி விசாரித்தேன். "அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே" என்றார். அதோடு என் சந்தேகம் உறுதியாகிவிட்டது, இது மாமியார் வேலைதான் என்று.

அடுத்த மாதமே வீடு தேடினோம். ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் வேண்டும் என்று நானும் தேவகியும் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் ஆளுக்கொரு பக்கம் நடந்து பார்த்தோம். நீங்கள் வாசலில் நின்று, யார் முதலில் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்தீர்கள். தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது. இந்த வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டையில் தறி போட்டிருந்தவர், நேராகவே கேட்டார். "அம்மா ஒரு ஊருக்குப் போறாங்க, சார் ஒரு ஊருக்குப் போறாரு. அப்புறம் இங்க யாருங்க இருக்கப் போறது?"

அதுவரை நானும் தேவகியும் அதை யோசிக்கவே இல்லை.

"நான் இருக்கேன்" என்றீர்கள். பேரம் பேசும்போது பேசுகிற குரலில்தான் சொன்னீர்கள். வீட்டுக்காரர் சாவியை உங்களிடமே கொடுத்தார்.

அப்படித்தான் உங்கள் மிஷின் டெம்போவில் ஏறி இந்த ஊருக்கு வந்தது. முதல் ஆறு மாதம் ஒரு ஜாக்கெட்கூட வரவில்லை. தேவகியைக் கூப்பிடப் போகிறேன் என்று சாயங்காலம் சீக்கிரமே ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவீர்கள். அவள் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். பெரம்பூர் வழியாக வந்த ரயில்களைப் பார்க்கவா போனீர்கள்? அப்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

நான் கேட்டதெல்லாம் வம்புதான். "அத்தை, அந்தச் சாமந்திக்கு எவ்வளவு லஞ்சம் குடுத்தீங்க?" என்பேன். "ஆங், நான்தான் மாத்தினேன். போயி மலை மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டு வாங்க" என்பீர்கள். இன்னொரு ஆராய்ச்சியும் வைத்திருந்தேன். நடு ஊர், நடு ஊர் என்கிறோமே, இது நடுவே இல்லை. எனக்குப் பக்கம், அவளுக்குத்தான் தூரம். நான் புத்தூர், நகரி தாண்டி வீட்டுக்கு வந்து லுங்கி மாற்றிக் காபி குடித்து முடித்த பிறகும் அவள் அரக்கோணத்தைத் தொட்டிருக்க மாட்டாள். "பெத்த பொண்ணை விட மாப்ளே மேலதான் உங்களுக்குப் பாசம், அதான் என் பக்கம் சாய்ச்சுட்டீங்க" என்று நித்யாவின் பிறந்தநாளுக்குக்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீங்கள் மறுத்ததே இல்லை. தேவகி அப்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பாத்திரம் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் தேவகி பாயில் குப்புறப் படுத்திருந்தாள். நான் சுடுதண்ணீர்ப் பையை இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். ஆவடியா, திருத்தணியா என்று பேசிப் பேசி இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. நான் வழக்கம்போல விளையாட்டாகச் சொன்னேன்.

"மலைக்குப் போயி மறுபடியும் பூக்கட்டிப் பாத்துடலாமா? ஆனா மஞ்சப் பூ வெக்கத்தான் இப்ப உங்கம்மா இல்ல."

அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

"அது எங்கம்மா இல்லீங்க."

"எது?"

"மஞ்சப் பூ. நான்தான் வெச்சேன். ரெண்டுலயும்."

பையை அழுத்திய கை அப்படியே நின்றுவிட்டது. "சூடு பொறுக்கல, கையை எடுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

"அம்மா டிக்கெட் வாங்கினு இருந்தாங்க. நீங்க தேங்காயைத் தட்டித் தட்டிப் பாத்துகினு இருந்தீங்க. மாலையில இருந்து ரெண்டு பூவைக் கிள்ளி உள்ள வெச்சுட்டேன். அரளியைக் கூடைக்கு அடியில தள்ளிட்டேன். மல்லியை எடுத்துத் தலையில வெச்சுக்கினேன். நீங்க பாத்துட்டு நல்லாயிருக்குதுன்னுகூடச் சொன்னீங்க."

சொன்னேனாம் அத்தை! பெரம்பூரை என் மனைவி தலையில் சூடிக்கொண்டு நிற்கிறாள், நான் நல்லாயிருக்கிறது என்கிறேன்.

"அத்தைக்குத் தெரியாதா?"

"பிரிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. நார்ல இருந்தது அவங்க போட்ட முடிச்சு இல்லையே. செருப்பு மாட்டும்போது என் காதுகிட்ட வந்து கேட்டாங்க, 'வாயத் தொறந்து கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேனாடி?'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"'கேட்டேனேம்மா, பூரி துன்னும்போது. ரெண்டு பேரும் சிரிச்சீங்க'ன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"பஸ்ஸு கீழ எறங்கற வரைக்கும் என் கையைப் புடிச்சுகினே வந்தாங்க."

ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பொய் சொல்வானேன். அவள் சொன்னாள்: "நித்யா பொறந்தப்பவே சொல்லிடலாம்னேன். அம்மாதான் வாணான்னாங்க. 'என்னை வம்பிழுக்கறதுல மாப்ளேக்கு ஒரு சந்தோஷம் கீது, வுட்டுடுடி. உன் பேரு இதுல வர வாணாம்'னாங்க."

அத்தை, மாமியாரை மடக்கிவிட்டேன் என்று இத்தனை வருஷம் மீசையை முறுக்கியிருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதற்கு மேல் ஓர் ஆச்சரியம், அது இன்னும் என்னை விடவில்லை.

அந்த ஒரு கணத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கையில் இலை, இலையில் மஞ்சள் பூ. நீங்கள் கட்டியது சிவப்பும் வெள்ளையும். மகள் மாற்றியிருக்கிறாள் என்று தெரிகிறது. ஏன் மாற்றினாள் என்றும் தெரிந்திருக்க வேண்டும். என் ஊரைச் சொன்னால் நீங்கள் உடைவீர்கள், உங்கள் ஊரைச் சொன்னால் நான் முகம் தூக்குவேன், தன் மனசில் இருந்த ஊரைச் சொன்னபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம். "இது என்னடி வேலை?" என்று அங்கேயே அவளைக் கேட்டிருக்கலாம். வேறு பூ வாங்கி மறுபடியும் கட்டியிருக்கலாம். பாதி வாய்ப்பு பெரம்பூருக்கு இருந்ததே! அதற்குப் பதில், மஞ்சளுக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, அதை முருகன் வாயில் போட்டு, இல்லாத ஒரு தோஷத்தையும் உண்டாக்கி, இரண்டாவது பொட்டலத்தை மறைத்தீர்கள். பிரித்திருந்தால் அதிலும் மஞ்சள் இருந்து அவள் மாட்டிக்கொண்டிருப்பாள் என்று உங்களுக்கு அதற்குள் எப்படித் தோன்றியது? அவ்வளவு பெரிய பெரம்பூரை அவ்வளவு சின்ன நேரத்தில் எப்படி விட முடிந்தது?

இதை யாரிடம் போய்க் கேட்பேன்? தேவகியைக் கேட்டால், "அம்மா அப்படித்தான்" என்கிறாள்.

அன்று மதியம் சாப்பிடும்போது நான் அவளிடம் ஒன்று கேட்டேன். கேட்ட பிறகுதான், கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூட இதைக் கேட்டதில்லை என்று உறைத்தது.

"இப்ப உனக்கு எங்க இருக்கணும்?"

குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள். நித்யாகூடத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"திடீர்னு கேட்டா?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன். பூ எல்லாம் வாணாம்."

அப்புறம் நாலு நாள் ஆகிவிட்டது. தினமும் போகிறாள், வருகிறாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறாள், இன்னும் சொல்லவில்லை. நானும் நெருக்கவில்லை. ஆனால் என்ன சொல்லப் போகிறாள் என்று அறிந்துகொள்ள எனக்கு இருக்கிற ஆவல், பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட இருந்ததில்லை. இங்கேயே இருப்போம் என்றால் வேலையை விட வேண்டும், அதை அவள் தாங்குவாளா? போகலாம் என்றால் நான் லேபை விட வேண்டும். என் கண்ணாடிக் குடுவைகள், நான் பெயர் எழுதி ஒட்டிய அமில பாட்டில்கள், நான் போட்டுக் கொடுக்கும் காபியை பீக்கரில் குடிக்கிற வாத்தியார்கள். எது வந்தாலும் சிரிக்க மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு முறை பெரம்பூரில் உங்கள் சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு நாள் தங்குவதாகத்தானே பெட்டி கட்டினீர்கள்? அன்று சாயங்காலமே தேவகியோடு அதே ரயிலில் திரும்பி வந்து நின்றீர்கள். என்ன ஆச்சு என்றால், "அங்க யாரு கீறாங்க மாப்ளே?" என்றீர்கள். எந்த ஊரில் யாரும் இல்லை என்று சிரித்தீர்களோ அந்த ஊருக்கே திரும்பி வந்து இப்படிச் சொன்னீர்கள். அது எந்த நாளில் மாறியது? முதல் ஜாக்கெட் தைக்க வந்தபோதா, நித்யா இந்தத் தெருவில் முதல் தரம் நடந்தபோதா? உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று தெருவில் நின்ற பெண்களைப் பார்த்து வீட்டுக்காரரே மலைத்துப்போனார். "ஊரே அம்மா தைச்ச ஜாக்கெட்டைத்தான் போட்டுகினு இருந்திருக்குது சார்" என்றார்.

போன் அடிக்கிறது. மணவூர். ஒரு ரிங்கில் கட்டாகிவிடும், அரிசி களையப் போகிறேன்.

கட்டாகவில்லை அத்தை. அடித்துக்கொண்டே இருந்தது. என்ன ஆச்சோ என்று பதறிப்போய் எடுத்தேன். ரயில் இரைச்சல், யாரோ வேர்க்கடலை விற்கிற சத்தம், அதற்கு நடுவில் அவள் குரல்.

"நான்தாங்க. வீட்டுக்கு வந்தா வாய் வராது, இங்கருந்தே சொல்லிடறேன். பெரம்பூர். அம்மா இருந்த தெருவுல ஏதாவது போர்ஷன் காலியா கீதான்னு பாருங்க. ஆபீசுக்கும் கிட்ட, உங்களுக்கு ஆவடியும் தூரம் இல்ல." பிறகு, "சிரிக்கிறீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமா. ஞாயித்துக்கிழமை போயி பாக்கலாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, சோறு வைங்க" என்று வைத்துவிட்டாள்.

சோறு வைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். நாங்கள் போகிறோம் அத்தை. உங்கள் மிஷின் வந்த மாதிரியே டெம்போவில் பெரம்பூருக்குத் திரும்பப் போகிறது. நீங்கள் எங்களுக்காக விட்ட தெருவுக்கு நாங்கள் போகிறோம். எங்களுக்காக நீங்கள் வந்த ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. கூட வருகிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வருவீர்களா, இல்லை, "அங்க யாரு கீறாங்க?" என்பீர்களா? வீட்டுக்காரர் மறுபடியும் வந்து, அப்புறம் இங்க யாருங்க இருக்கப் போறது என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிகிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும், மூன்று பேரும் ரயிலேறி வருவோம். ஓட்டலில் பூரி சாப்பிடுவோம். பொய்கையில் நீங்கள் கால் நனைத்த அந்தப் படிக்குப் போய் அரளி, மல்லி, சாமந்தி மூன்றையும் தண்ணீரில் விடுவோம். இலையில் மடிக்க மாட்டோம், நார் போட்டுக் கட்ட மாட்டோம். எது யாருடைய பூ என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

தேவகி வந்துவிட்டாள், செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் போய்ப் பையை வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் பொய்யால் ஒரே வீட்டில் வாழ்ந்த
உங்கள் மாப்பிள்ளை,
பாஸ்கர்